கேட்காமல் எடுத்த படங்கள்

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், மாம்பலம் ஸ்டேஷன் வாசலில் ஒரு பாட்டியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதிலிருந்து மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் விஷயத்தைத்தான் இங்கே எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

எங்கள் காலேஜ் போட்டோகிராபி கிளப்பில் நானும் ஒருத்தன். காமிரா என்னுடையது இல்லை, அண்ணனுடைய பழைய கேனான். கூடவே ஒரு 55-250 ஜூம் லென்ஸ். ரங்கநாதன் தெருவுக்குப் போனால் படத்துக்குப் பஞ்சமே இல்லை என்பது சென்னையில் காமிரா பிடிக்கிற எல்லோருக்கும் தெரியும். ஸ்டேஷன் பக்கத்து முனையில் நறுக்கின காய் விற்பார்களே, பார்த்திருப்பீர்கள். வாழைத்தண்டு, வாழைப்பூ, அவரைக்காய், உரித்த சின்ன வெங்காயம் எல்லாம் கவரில் போட்டு அடுக்கியிருக்கும். ஆபீஸ் முடிந்து எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடிக்க ஓடுகிறவர்கள் அப்படியே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போவார்கள். 2023-ல் அங்கே ஆகாய நடைபாதை திறந்த பிறகும் கீழே கூட்டம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

அங்கே படியில் நின்றுகொண்டு, தூரத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியை ஜூம் போட்டு இழுத்தேன். சாயங்கால வெயில் சாய்வாக முகத்தில். சுருக்கங்கள். கன்னத்தில் கண்ணீர் ஒரு கோடாக இறங்கியிருந்தது. அடாடா என்று நாலு கிளிக். மனதுக்குள் அப்போதே கறுப்பு வெள்ளை ஆக்கிவிட்டேன், தலைப்பும் வைத்துவிட்டேன்: "முதுமையின் கண்ணீர்". (சிரிக்காதீர்கள். நீங்களும் இப்படி ஏதாவது வைத்திருப்பீர்கள்.)

பாட்டி நிமிர்ந்து பார்த்துவிட்டார். கையை ஆட்டிக் கூப்பிட்டார். ஓடியிருக்கலாம், ஓடவில்லை. போனேன்.

"எதுக்குப்பா எடுத்தே?"

"சும்மாதான் பாட்டி... நல்லா இருந்துச்சு."

"வெங்காயம் உரிச்சு கண்ணு எரியுது, மூக்கு ஒழுவுது. இது நல்லா இருந்துச்சா உனக்கு?"

பக்கத்துக் கடை அக்கா சிரித்தார். நானும் அசடு வழியச் சிரித்தேன். பாட்டி சிரிக்கவில்லை.

"எந்த ஆபீஸ்ல இருந்து வர்றே? போன தபா இப்படித்தான் ஒருத்தன் வந்து போட்டோ புடிச்சுட்டுப் போனான். ரெண்டாம் நாள் லாரி வந்துச்சு. கூடை, தராசு எல்லாத்தையும் வாரிக்கினு போய்ட்டாங்க."

அந்தப் போட்டோக்காரனுக்கும் லாரிக்கும் சம்பந்தம் இருந்ததா, யாருக்குத் தெரியும்? என்னை மாதிரி ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கலைஞனாகவே கூட இருந்திருக்கலாம். ஆனால் அவருடைய கணக்கில் காமிரா வந்தது, பிறகு லாரி வந்தது. கலையைப் பற்றி அவரிடம் என்ன பேசுவது? படங்களை அவர் கண் முன்னாலேயே அழித்தேன். மூன்றைத்தான் அழித்தேன். ஒன்றை வைத்துக்கொண்டேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கிளப்பில் இதைச் சொன்னபோது எல்லோரும் ஒரே குரலில் சொன்ன பதில், "பொது இடம்டா. யாரும் கேட்க முடியாது."

சட்டப்படி பார்த்தால் அது பெரும்பாலும் சரிதான். தெருவில் போகிறவரைப் படம் எடுக்கக் கூடாது என்று இந்தியாவில் தனிச் சட்டம் எதுவும் இல்லை. ஒரு பெண் அந்தரங்கமாக இருக்கும்போது, யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நம்பக்கூடிய சூழ்நிலையில், படம் எடுத்தால் குற்றம். 2013-ல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354சி என்று சேர்த்தார்கள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 77-வது பிரிவு. இன்னொரு பக்கம், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்டில் சொல்லியிருக்கிறது. அதற்கு வெகு முன்பே, 1994-ல், ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை நக்கீரன் வெளியிடுவது தொடர்பான வழக்கில், மனிதனுக்குத் தன்னைத் தன்பாட்டில் விட்டுவிடச் சொல்லும் உரிமை உண்டு என்று அதே நீதிமன்றம் சொன்னது. அந்த வரி நம்ம ஊர் வழக்கில் வந்தது என்பது எனக்கே படித்தபோதுதான் தெரியும். ஆனால் இதெல்லாம் சேர்ந்து "மாம்பலம் பாட்டியை எடுக்கலாமா கூடாதா" என்ற கேள்விக்கு நேரான பதில் எதுவும் தருவதில்லை.

வெளிநாடுகளில் இந்தச் சண்டை நீதிமன்றம் வரை போயிருக்கிறது. பிலிப்-லோர்கா டிகோர்சியா என்ற அமெரிக்கர் நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் சாரத்தில் பிளாஷ் விளக்கு கட்டி, தூரத்தில் காமிராவை நிறுத்தி, போகிற வருகிறவர்களின் முகங்களை அவர்களுக்கே தெரியாமல் எடுத்தார். 1999-ல் இருந்து 2001 வரை. அதில் ஒருவர் ஆசாரமான யூத முதியவர். தன் முகம் கேலரியில் தொங்குவதையும் அது ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்பதையும் பல வருஷம் கழித்துத்தான் அறிந்தார். உருவத்தை வைத்து வியாபாரம் செய்வது தன் மத நம்பிக்கைக்கு விரோதம் என்று 2005-ல் வழக்குப் போட்டார். மறு வருஷமே தள்ளுபடி. கலை, கருத்துச் சுதந்திரம் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் கனடாவின் உச்ச நீதிமன்றம் 1998-ல் நேர் எதிராகத் தீர்ப்புச் சொன்னது. மாண்ட்ரியலில் ஒரு கட்டிட வாசல் படியில் உட்கார்ந்திருந்த 17 வயதுப் பெண்ணின் படத்தைக் கேட்காமல் ஒரு பத்திரிகையில் போட்டதற்காக, அவளுக்கு 2,000 டாலர் கொடுக்கச் சொன்னார்கள். அந்தப் படத்தில் அசிங்கமாக எதுவும் கிடையாது. சும்மா உட்கார்ந்திருக்கிறாள். கூடப் படிக்கிற பசங்க கேலி செய்தார்கள் என்பதுதான் அவளுடைய புகார்.

எனக்கு இரண்டாவது தீர்ப்புதான் மனதுக்கு நெருக்கமாக இருக்கிறது. ஆனால் அதை அப்படியே சட்டமாக்கினால் தெருப் படமே செத்துப்போகும். அதுவும் எனக்கு வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் தாத்தா மவுண்ட் ரோட்டில் ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிற வேலை பார்த்தவர். நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். வீட்டில் அவருடைய படம் மொத்தம் மூன்று. கல்யாணப் படம், அதில் பாட்டி பக்கத்தில் விறைப்பாக நிற்கிறார். ஏதோ அடையாள அட்டைக்கு எடுத்த தபால்தலை அளவுப் படம், அதில் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார். மூன்றாவது அதே அட்டைப் படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டது. அவ்வளவுதான். வேலை முடிந்து டீக்கடையில் நின்று பேசிக்கொண்டே இருப்பார், டீயை ஆற்றி ஆற்றிக் குடிப்பார், விரல் இடுக்கில் மை போகவே போகாது என்று அப்பா சொல்வார். அந்தத் தாத்தாவை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. 1970-களில் எவனாவது ஒருத்தன் காமிராவோடு மவுண்ட் ரோட்டில் சுற்றி, கேட்காமல் கொள்ளாமல் அவரைக் கிளிக்கியிருந்தால், இன்றைக்கு அவன் வீட்டைத் தேடிப்போய்க் காலில் விழுந்திருப்பேன்.

1985-ல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டை நினைத்துப் பாருங்கள். கட்டிடத்தின் படம் எங்கேயும் கிடைக்கும். உள்ளே பழைய புத்தகம் பேரம் பேசினவனின் முகம்? ஒரு ஊர் எப்படி இருந்தது என்பதை, போஸ் கொடுக்காத மனிதர்கள்தான் சொல்வார்கள். வாக்கர் எவன்ஸ் 1938 முதல் 1941 வரை நியூயார்க் சுரங்க ரயிலில் கோட்டுக்குள் காமிராவை ஒளித்து வைத்து எதிர் சீட்டுக்காரர்களை எடுத்தார். திருட்டுத்தனம்தான். ஆனால் வேலை முடிந்து களைத்து, தனக்குள் மூழ்கி, யாருக்காகவும் முகத்தைத் தயார் செய்யாமல் உட்கார்ந்திருக்கும் அந்த மனிதர்களை வேறு எப்படியும் எடுத்திருக்க முடியாது. அவை புத்தகமாக வந்தது 1966-ல். ஒரு தலைமுறையே கடந்துவிட்டது. அந்த இருபத்தைந்து வருஷ இடைவெளியை நாம் கவனிக்க வேண்டும். நாம் எடுத்த இருபத்தைந்தாவது நிமிஷம் இன்ஸ்டாகிராமில் போட்டுவிடுகிறோம்.

பிரச்சினை கிளிக்கில் அவ்வளவாக இல்லை, அதற்கப்புறம் நடப்பதில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது இங்கேதான்.

எங்கள் சீனியர் ஒருவர். நல்ல கண் உள்ளவர், நிஜமாகவே. மெரினாவில் மணலில் இழுத்துப் போட்ட படகு நிழலில் ஒரு ஜோடி. பையன் முதுகு தெரிகிறது, பெண்ணின் முகம் பக்கவாட்டில். காற்றில் அவள் துப்பட்டா அவன் தலையை மூடியிருக்கிறது, அவள் சிரிக்கிறாள். இதை விட அழகாக ஒரு காதல் படம் நான் பார்த்ததில்லை. போட்டார். லைக் குவிந்தது. இரண்டு மணி நேரத்தில் கீழே ஒரு கமெண்ட். ஒரு பெண் பெயரைப் போட்டு, "இது நம்ம ...... பொண்ணு மாதிரி இல்ல?" என்று யாரோ யாரையோ டேக் செய்திருந்தார்.

சீனியர் உடனே எடுத்துவிட்டார். ஆனால் அதற்குள் யார் பார்த்தார்கள், யார் ஸ்கிரீன்ஷாட் எடுத்தார்கள்? அந்தப் பெண் யார், எந்த ஊர், வீட்டில் என்ன நடந்தது, ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. நம் ஊரில் ஒரு பெண் ஒரு பையனோடு உட்கார்ந்திருக்கும் படம் வீட்டுக்குப் போனால் என்னென்ன நடக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. பேப்பரில் படிக்கிறோம். "பாரிஸில் முத்தப் படம் எடுக்கவில்லையா?" என்று ஒருத்தன் கேட்டான். ராபர்ட் டுவானோ 1950-ல் எடுத்த அந்தப் புகழ்பெற்ற முத்தம், அவர் நடிப்புப் படித்துக்கொண்டிருந்த ஜோடியைக் கேட்டு, ஒப்புக்கொள்ள வைத்து எடுத்தது. 1990-களில் "அது நாங்கள்தான்" என்று வேறொரு ஜோடி வழக்குப் போட்டபோதுதான் உண்மை வெளியே வந்தது. ஆக, நாம் உதாரணம் காட்டுகிற படத்தை எடுத்தவரே கேட்டுத்தான் எடுத்திருக்கிறார் :-)

"ஊரெல்லாம் சிசிடிவி இருக்கே, உன் காமிரா மட்டும் என்ன?" என்றும் கேட்கிறார்கள். சிசிடிவி தலைப்பு வைப்பதில்லை, ஐயா. "முதுமையின் கண்ணீர்" என்று நான் வைத்தேனே, அதை எந்த சிசிடிவியும் வைக்காது. தவிர, பிலிம் காலத்தில் ஒரு முகம் கூட்டத்தில் தொலைந்துபோகும். இப்போது ஒரு முகத்தைக் கொடுத்தால் இணையத்தில் அதே முகம் எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடித் தருகிற பிம்ஐஸ் மாதிரித் தளங்களே வந்துவிட்டன. முன்பின் தெரியாதவர் என்ற வார்த்தைக்கே அர்த்தம் தேய்ந்துகொண்டு வருகிறது.

சிறிய காமிராவைக் கண்டு பயப்படுவது புதிதும் இல்லை. ஈஸ்ட்மேன் 1888-ல் கையடக்கக் கோடாக்கை விற்க ஆரம்பித்தார். 1890-லேயே வாரன், பிராண்டைஸ் என்று இரண்டு அமெரிக்க வக்கீல்கள் அந்தரங்க உரிமை பற்றி அந்தப் பிரபலமான கட்டுரையை எழுதிவிட்டார்கள், உடனடிப் போட்டோக்களைப் பற்றிய புலம்பலோடு. இரண்டே வருஷம்!

இன்னொன்றை என் வகுப்புத் தோழி சொல்லித்தான் யோசித்தேன். "பஸ்ல எவனாவது போனை ஒரு தினுசா சாய்ச்சுப் பிடிச்சா எங்களுக்கு வயித்தைக் கலக்கும். நீ காமிராவைத் தூக்கினா நீ கலைஞன்னு எனக்கு எப்படித் தெரியும்? நெத்தியில எழுதியிருக்கா?" என்றாள். பதில் இல்லை. ஜப்பானிலும் கொரியாவிலும் விற்கிற போன்களில் படம் எடுக்கும்போது சத்தம் வந்தே தீரும், அணைக்க முடியாத மாதிரி வைத்திருக்கிறார்கள். காரணம் கலைஞர்கள் இல்லை, இந்த ஆட்கள்தான். ஆனால் எதிரே நிற்கும் பெண்ணுக்கு இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். நாங்கள் பசங்க கூட்டமாக லென்ஸோடு போகும்போது இதை ஒரு நாளும் நினைத்ததில்லை.

அப்புறம் நாங்கள் யாரைப் படம் எடுக்கிறோம் என்ற விஷயம். கிளப் ஆல்பத்தை ஒரு நாள் உட்கார்ந்து முழுக்கப் பார்த்தேன். காசிமேடு, சவுக்கார்பேட்டை, கோயம்பேடு, பாரிமுனை, மறுபடியும் காசிமேடு. மீன் கூடை தூக்குகிற அம்மா, மூட்டை சுமக்கிற பெரியவர், ரிக்‌ஷாவில் தூங்குகிறவர், மூக்கு ஒழுகும் குழந்தை. போட் கிளப்பில் காலையில் நடைப்பயிற்சி போகிறவரின் படம் ஒன்று கூட இல்லை. நுங்கம்பாக்கத்தில் காபிக்கடையில் லேப்டாப்போடு உட்கார்ந்து கொட்டாவி விடுகிறவர் ஒருத்தர் கூட இல்லை. ஏன், அவர்களுக்கு முகத்தில் சுருக்கம் விழாதா? விழும். ஆனால் ஏதாவது மாலில் காமிராவைத் தூக்கிப் பாருங்கள், செக்யூரிட்டி வந்து நிற்பார். பெரிய காம்பவுண்டுக்கு வெளியே நின்று எடுத்தாலும் வாட்ச்மேன் வருவார். நாங்கள் பயப்படுகிறவர்களிடம் கேட்கிறோம், பயம் இல்லாத இடத்தில் கேட்காமல் எடுக்கிறோம். இதற்கு "தெருவின் நிஜம்" என்று பெயர் வேறு.

பாரிமுனைப் பக்கம் தலைமுறை தலைமுறையாக நடைபாதையிலேயே குடியிருக்கிற குடும்பங்கள் உண்டு. சமைப்பது, பிள்ளைக்குப் பால் கொடுப்பது, தலை வாருவது, தூங்குவது எல்லாம் அங்கேதான். நமக்கு அது பொது இடம். அவர்களுக்கு அது ஹால், சமையலறை, படுக்கையறை. யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நம்பக்கூடிய சூழ்நிலை என்று சட்டத்தில் வருகிறதே, அது கதவு உள்ளவர்களை மனதில் வைத்து எழுதின வார்த்தை. கதவில்லாதவர் தூங்கும்போது எடுப்பதை நான் நிறுத்திவிட்டேன். என் ஹார்ட் டிஸ்கில் அப்படிப் பதினோரு படம் இருந்தது. நல்ல படங்கள்தான், ஒன்று கல்லூரிப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கினது. எல்லாம் போயிற்று.

தெருப் படத்தின் பெரிய சாமி கார்த்தியே-பிரெஸ்ஸோன், லைக்கா காமிராவின் பளபளப்பு தெரியாமல் கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டு சுற்றியவர், தன்னை யாராவது படம் எடுத்தால் முகத்தை மறைத்துக்கொள்வாராம். படித்ததும் சிரிப்பு வந்தது. பிறகு, போன மாசம் ஹாஸ்டலில் நான் வாயைத் திறந்து தூங்கினதை எடுத்து வாட்ஸாப் குரூப்பில் போட்ட அறைத்தோழனோடு நான் போட்ட சண்டை ஞாபகம் வந்தது.

அப்படியென்றால் கேட்டுக் கேட்டுத்தான் எடுக்க வேண்டுமா? கேட்டால் எல்லோரும் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டு எங்கள் தாத்தா மாதிரி விறைப்பாக நிற்பார்களே? நிற்பார்கள். அதனால் நான் இப்போது கேட்காமல் எடுத்துவிட்டு, உடனே கேட்கிறேன். ஜூம் லென்ஸை அண்ணனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். கையில் ஒரு 50 எம்எம் மட்டும். அதில் முகம் தெரிய வேண்டுமானால் பேசுகிற தூரத்துக்குப் போக வேண்டும், திட்டுவதானால் அவரும் திட்டலாம். எடுத்தவுடன் பின்பக்கத் திரையைக் காட்டுகிறேன். பத்தில் ஏழு பேர் சிரிக்கிறார்கள், "எனக்கு அனுப்பு தம்பி" என்கிறார்கள். வேண்டாம் என்றால் அங்கேயே அழிக்கிறேன். ஜோடிகளை முகம் தெரிய எடுப்பதே இல்லை. குழந்தை என்றால் அம்மாவைப் பார்க்கிறேன். நல்ல படங்கள் நிறைய கைநழுவிப் போகின்றன, அதை மறைக்க விரும்பவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மின்ட் தெருவில் ஒரு பெரியவர் ஜிலேபியை ஊதி ஊதிப் பேரனுக்கு ஊட்டினார். அப்படி ஒரு படம் இந்த வருஷம் எனக்கு இனிமேல் கிடைக்காது. வேண்டாம் என்று தலையாட்டினார். அழித்துவிட்டு வந்து வயிறெரிந்துகொண்டு ஒரு பிளேட் ஜிலேபி தின்றேன்.

பாட்டிக்கு வருகிறேன். வைத்துக்கொண்ட அந்த ஒரு படத்தை 4x6 பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு அடுத்த சனிக்கிழமை போனேன். அழித்தேன் என்று பொய் சொன்னதையும் சொன்னேன். படத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"இன்னாபா இது, புருஷன் செத்தப்போ கூட நான் இப்படி அழுவல."

பக்கத்துக் கடை அக்கா வாங்கிப் பார்த்து, "சீரியல்ல வர்ற மாதிரி இருக்கே" என்றார்.

பிரிண்ட்டைப் பாட்டியே வைத்துக்கொண்டார். காமிராவில் இருந்ததை அவர் விரலாலேயே அழுத்தி அழிக்க வைத்தேன். பிறகு, நான் கேட்காமலேயே, கத்தியைக் கீழே வைத்து, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, தலையை ஒதுக்கி, "இப்ப ஒண்ணு எடு. கூடை தெரியாம எடு. செவுரு மட்டும் பின்னால வர்றாப்பல" என்றார். எடுத்தேன். நேராக லென்ஸைப் பார்த்து, உதட்டை இறுக்கி மூடி, அடையாள அட்டைக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார். பின்னால் வெறும் சுவர். எந்த ஊர், என்ன வேலை, ஒன்றும் தெரியாது. கிளப்பில் காட்டினால் சிரிப்பார்கள். காட்டப் போவதில்லை, இங்கேயும் போடவில்லை.

மூன்று காப்பி கேட்டிருக்கிறார். ஒன்று திருவள்ளூரில் இருக்கிற பேத்திக்காம். நாளைக்குக் கொண்டுபோக வேண்டும், ஸ்டுடியோ எட்டு மணிக்கு மூடிவிடுவார்கள், கிளம்புகிறேன்.